வறுப்பானை அடித்துவிட்டுக் கொள்ளில் நஞ்சு என்கிறீர்கள்

தீவன அரவைத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் கோப்பு திரும்பி வந்துவிட்டது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் குப்பனூரைச் சுற்றியும், மேலே ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமங்களிலும் நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பங்கள் சேர்ந்து, சின்னதாக ஒரு தீவன அரவை போட மானியம் கேட்டிருந்தோம். மதிப்பீட்டில் மூன்று இயந்திரங்கள் இருந்தன: அரைக்க ஒன்று, கலக்க ஒன்று, வறுக்க ஒன்று. முதல் இரண்டுக்கும் சரி போட்டுவிட்டு மூன்றாவதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறீர்கள். கலவை மக்காச்சோளமும் சோயாவுமாக மட்டுமே இருக்க வேண்டுமாம். கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு போன்றவற்றில் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்கள் இருப்பதால் அவற்றை ஏற்க முடியாதாம். அவற்றை ஏற்காதபோது வறுப்பான் எதற்கு என்பது உங்கள் கணக்கு.

நான் சொல்ல வந்தது இந்தக் கணக்கைப் பற்றித்தான். பச்சைக் கொள்ளில் கெடுதி இருக்கிறது என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால்தான் வறுப்பான் கேட்டோம். கெடுதியை எடுக்கும் இயந்திரத்தை நீக்கிவிட்டு, கெடுதி இருக்கிறது என்று கோப்பைத் திருப்பினால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

நீங்கள் ஏற்றுக்கொண்ட சோயாவையே எடுத்துக்கொள்வோம். பயறு வகைகளில் டிரிப்சின் தடுப்பான் மிகுந்தவற்றில் பச்சைச் சோயாவும் ஒன்று. புரதத்தை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதியை அது குடலுக்குள்ளேயே கட்டிப்போடுகிறது. தின்ற புரதம் உடம்பில் சேராமல் எச்சமாகப் போகிறது. குஞ்சின் கணையம் வீங்குகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. சோயாவை வேகவைக்காமல் கொடுத்தால் எலிகள் வளரவில்லை, வேகவைத்தால் வளர்ந்தன என்று ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைக்கு மூட்டையில் வரும் சோயாப் புண்ணாக்கு கோழிக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், எண்ணெய் எடுத்தபிறகு ஆலையில் அதை நீராவியில் புழுக்கி வறுத்து அனுப்புகிறார்கள், அதனால்தான். பதம் சரியா என்று பார்க்க, யூரியேஸ் என்ற நொதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் சோதனை வைத்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஆலை வறுத்தால் அது தரம், குப்பனூரில் நாங்கள் வறுத்தால் அது தேவையற்ற செலவு என்று ஆகிவிடுகிறது.

வறுக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் குழுவிலேயே ஒருவர், வீட்டில் கிடந்த கொள்ளைப் பச்சையாக அரைத்து இளங்குஞ்சுகளுக்கு வைத்தார். எச்சம் நீர்த்து, பின்புறத்து இறகெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் அதே நாளில் பொரித்த குஞ்சுகள் தாயோடு வேலி தாண்டி மேய்ந்துகொண்டிருக்க, இவை உள்ளங்கையில் அடங்கும் அளவிலேயே நின்றன. பெரிய கோழிக்கு முழுக் கொள்ளாக வைத்தால் அது இன்னும் விவரம். தொட்டியில் அலகாலேயே தள்ளித் தள்ளி மற்றதைப் பொறுக்கிக்கொண்டு கொள்ளை அப்படியே விட்டுவிடும்.

வறுத்தது வேறு கதை. நல்ல சூட்டில் மணலோடு புரட்டும்போது முதலில் பச்சை வாடை கிளம்பும், பிறகு அது அடங்கித் தோல் பட்பட்டென்று வெடிக்கும். ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்தால் நசுங்காமல் மடக்கென்று இரண்டாக உடைய வேண்டும். உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறிவிட்டால் தாண்டிப்போய்விட்டது என்று அர்த்தம். சூடு மிஞ்சினால் புரதத்தின் முக்கியக் கூறான லைசின் கெட்டுவிடும், வறுத்தும் பயனில்லை. இந்தப் பதத்தைத்தான் இப்போது பொரிகடலைக்காரரின் அடுப்பில், அவருக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து, கெஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு ஈடு போல் இன்னொரு ஈடு வருவதில்லை. சூடு காட்டும் கருவியோடு உருளை வறுப்பான் கேட்டதன் காரணம் அதுதான். ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒரு உறுப்பினர் "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, கோழிக்கு எதற்கு" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் கோப்பைத் திருப்புவதற்கு அது போதாது.

விலையைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சோயாப் புண்ணாக்கில் புரதம் 46 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. கொள்ளில் ஏறக்குறைய 22. நல்ல கொள்ளு, மனிதர் வாங்கும் விலையில், புரதக் கணக்கில் சோயாவோடு போட்டி போட முடியாது. அதை நாங்களும் வாங்கிக் கோழிக்குப் போடப்போவதில்லை, ரசம் வைத்துக்கொள்வோம். நாங்கள் கேட்பது கழிவை.

தை, மாசியில் எங்கள் பக்கம் வந்தால் தார்ச்சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பிப்போட்டு வண்டி ஏறவிட்டிருப்பதைப் பார்க்கலாம். தூற்றிச் சல்லடையில் சலித்தால் மேலே நிற்பது மண்டிக்கு. கீழே விழுவது சுருங்கியது, உடைந்தது, முற்றாதது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வியாபாரி சாக்குக்குள் கையை விட்டு அள்ளி, ஊதிப் பார்த்து, இதை ஒதுக்கு என்று ஒரு ஓரம் காட்டுவார். அந்த ஓரத்தில் கிடப்பதும், வண்டு துளைத்த மொச்சையும், துவரை உடைக்கும் இடத்தில் சேரும் குருணையும் மாட்டுத் தீவனக்காரர் சொல்கிற விலைக்குப் போகின்றன. புரதம் அதிலும் இருக்கிறது. சுருங்கிய மணியில் தோல் விகிதம் கூடுதல் என்பதால் நார் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ வறுத்த கொள்ளைச் சேர்த்தால் அதில் 2.2 கிலோ புரதம். அதே புரதத்தை மற்றபடி எடுக்க வேண்டுமானால் சுமார் மூன்றரைக் கிலோ சோயாப் புண்ணாக்கும் ஆறரைக் கிலோ மக்காச்சோளமும் வேண்டும். ஆக, கொள்ளு சோயாவின் இடத்தை மட்டும் பிடிப்பதில்லை. அதில் மாவுச்சத்தும் இருப்பதால் மக்காச்சோளத்தின் இடத்தையும் கொஞ்சம் பிடிக்கிறது. எரிசக்தியில் மக்காச்சோளத்துக்குச் சமமாகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புழக்கடையிலும் தோப்பிலும் மேய்ந்துவிட்டு மாலையில் தொட்டிக்கு வரும் கோழிக்கு நாமக்கல் கொட்டகைக் கோழியின் கணக்கைப் போடத் தேவையில்லை. கூண்டில் நின்று நாள் தவறாமல் முட்டையிடும் இனத்துக்குக் கிராம் கணக்கில் தீவனம் வேண்டும். அங்கே கொள்ளைக் கொண்டுபோய்க் கலக்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் இருப்பவை சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழிகள்.

தீவனம்தான் கோழி வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 சதவீதம் என்பது உங்கள் பயிற்சி வகுப்புகளிலேயே முதல் நாள் சொல்லும் பாடம். அந்தச் செலவின் கடிவாளம் எங்கே இருக்கிறது என்பதை 2021-ல் பார்த்தோம். சோயாப் புண்ணாக்கு கிலோ 100 ரூபாயை ஒட்டிப் போனது. மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்துகொள்ள அந்த ஆகஸ்ட்டில் மத்திய அரசே அனுமதி கொடுத்தது. பெரிய பண்ணைகளுக்குக் குரல் கொடுக்கச் சங்கங்கள் இருந்தன. எங்கள் ஊரில் கோழியைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கொட்டகையில் விறகு அடுக்கினார்கள். பிறகு மக்காச்சோளத்தின் முறை வந்தது. எத்தனால் ஆலைகள் வாங்கத் தொடங்கியதும் அதுவும் ஏறியது. அந்த ஆலைகளில் மிஞ்சும் சக்கை, டிடிஜிஎஸ் என்கிறார்களே அது, இரண்டொரு வருடத்தில் தீவனக் கலவைகளில் இடம் பிடித்துவிட்டது. மக்காச்சோளத்தில் பூசண நச்சு இருந்தால் சக்கையில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகச் சேரும் என்பது தெரிந்தும், சோதித்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். சோதித்துச் சேர்ப்பது தவறில்லை. அதே வழியைக் கொள்ளுக்கும் விடுங்கள் என்கிறோம்.

மலைமேல் இந்த முரண் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். சாமைக் காட்டுக்குள் ஊடாக மொச்சையும் துவரையும் போடுவது ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வழக்கம். கொடி அறுத்துக் காயவைத்து, வேண்டிய மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு ஆள் இல்லாமல் அடுக்குப் பானையில் வண்டு பிடிக்க விடுகிறார்கள். அதே வீட்டுக் கோழிக்கு, வடக்கே விளைந்த சோயா சேலத்தில் மூட்டையாகி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும் என்று நீங்கள் விதித்திருக்கிறீர்கள். வண்டிக் கூலியையும் அந்த வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார்.

அடிவாரத்தில் கொள்ளின் அருமை வேறு மாதிரி. புரட்டாசி, ஐப்பசியில் கடைசி மழையை நம்பிச் செம்மண் காட்டில் விதைத்துவிட்டு வந்தால் போதும். உரம் கேட்காது, தண்ணீர் கட்டச் சொல்லாது, மண்ணுக்குத் தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகும். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பையூர் 1, பையூர் 2 ரகங்களும் இருக்கின்றன. இருந்தும் வருடத்துக்கு வருடம் காடு தரிசாகக் கிடக்கக் காரணம், விளைந்ததில் நாலில் ஒரு பங்கு கழிவு என்று மண்டியில் தள்ளிவிட்டால் வெட்டுக்கூலிக்கே கட்டாது என்பதுதான். கழிவுக்கு ஊரிலேயே ஒரு விலை இருந்தால் விதைப்பார்கள். 2016-ஐ ஐ.நா. சபை பருப்பு ஆண்டு என்று அறிவித்தது, பிப்ரவரி 10 உலகப் பருப்பு நாள். விழா மேடைகளில் சுண்டல் நன்றாகத்தான் கொடுக்கிறார்கள்.

எல்லாப் பயறையும் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள் என்று நாங்கள் கேட்பதாக நினைக்க வேண்டாம். பூனைக்காலியை எங்கள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. புரதம் கொள்ளைவிட அதில் கூடுதல்தான். ஆனால் எல்-டோபா என்ற பொருள் அதில் ஏராளம். பழங்குடி மக்கள் சிலர் அதைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். வெறும் வறுவலுக்கு அது கட்டுப்படாது. தம்பட்டை அவரையையும் விட்டுவிட்டோம். அதிலுள்ள லெக்டின் என்ற கெடுதிப் பொருள் சூட்டில் அடங்கினாலும், கனவனின் என்ற இன்னொன்று அடங்காது, ஊறவைத்து நீரோடு வெளியேற்ற வேண்டும். மொச்சைக்கு மட்டும் அப்படிச் செய்ய முடியும், இதற்கும் சேர்த்துச் செய்வது எங்கள் வசதிக்கு மீறியது. சவுண்டல் (சூபாபுல்) இலையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு, ஆட்டுக்கே அளவாகப் போடுவார்கள். எங்கள் விண்ணப்பத்தில் இருப்பவை கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, துவரைக் குருணை மட்டுமே. நான்கும் மனிதர் தின்னும் பயறு. இதில் மொச்சையை மட்டும் ஊறவைத்து, நீரை வடித்துக் கொட்டி, வேகவைத்துக் காயவைத்த பிறகே அரவைக்கு விடுவோம் என்று எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தைப் படித்தீர்களா என்று தெரியவில்லை.

வறுப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். கொள்ளின் தோலிலுள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் சூட்டுக்கு முழுதாகப் போகாது. கறுப்பாக இருக்கும் கொள்ளில் அது கூடுதல், உடைத்துத் தோல் நீக்கினால் குறையும். இந்தப் பயறுகளில் லைசின் தாராளம், அதே போன்ற இன்னொரு புரதக் கூறான மெத்தியோனின் குறைவு. மெத்தியோனின் போதாவிட்டால் முட்டை சிறுக்கும், கோழிகள் ஒன்றையொன்று இறகு கொத்தத் தொடங்கும். அதற்குத்தான் கலவைக் குறிப்பில் மெத்தியோனினைத் தனியாகக் காட்டி, தாது உப்பு, கிளிஞ்சல், கருவாட்டுத் தூள் எல்லாவற்றையும் எடையோடு எழுதிக் கொடுத்தோம். சோயாவை முழுதாக எடுத்துவிடவும் இல்லை. அதில் ஒரு பங்கைக் குறைத்தோம், அவ்வளவே.

எங்கள் கூட்டில் இந்தக் கலவையைத் தின்ற கோழிகள் முட்டையைக் குறைக்கவில்லை. மஞ்சள் கரு கொஞ்சம் வெளுத்தது. முருங்கைக் கீரையும் கரிசலாங்கண்ணியும் நறுக்கிப் போட்டதும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் சோயாக் கலவை தின்ற இன்னொரு கூட்டம் வைத்து, எடை போட்டு, முட்டை எண்ணி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால்தான் ஆய்வு. அதற்குரிய ஆட்களும் கொட்டகையும் எங்களிடம் இல்லை, அரசிடம் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் தலைவாசலிலேயே 2020-ல் அடிக்கல் நாட்டி 2021-ல் திறந்த கால்நடை உயர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அங்கே அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காமலே மறுத்ததுதான் எங்களுக்கு வருத்தம்.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் ஒன்று. கழிவுப் பயறு என்றால் ஈரம் பட்டதும் பூசணம் பிடித்ததும் அதில் கலந்து வரும் என்று சொல்வீர்கள். வரும். அதை வறுத்தாலும் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சு முழுதாகப் போகாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1374, கோழித் தீவனத்தில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். இந்த வரம்புக்கு நாங்கள் கட்டுப்படத் தயார். சுருங்கியதும் உடைந்ததும் வேண்டும், நனைந்ததும் கறுத்ததும் வேண்டாம் என்று வாங்கும்போதே பிரிப்போம். ஆனால் பிரித்தது சரியா என்று சோதிக்க ஒவ்வொரு மாதிரியையும் கையில் எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறுவது, கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கூலி வேலைக்கு ஓடும் பெண்களுக்கு ஆகாத காரியம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

மதிப்பீட்டில் அடித்த வறுப்பானைத் திரும்பச் சேர்க்க வேண்டும். முழு மானியம் முடியாது என்றால் பாதி கொடுங்கள், மீதியை நாங்கள் பங்குத் தொகையில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் வறுப்பான் இல்லாமல் அரவையை மட்டும் கொடுத்தால் நாங்கள் வாங்கப்போவதில்லை. சோயா மூட்டையைப் பிரித்துக் கலப்பதற்கு மண்வெட்டி போதும், அதற்கு ஒரு திட்டம் வேண்டாம்.

மேலே சொன்ன நான்கு பயறுகளையும், பக்குவப்படுத்தியது என்ற நிபந்தனையோடு, வளர்ந்த கோழிக்கான தீவனத்தில் 10 சதவீதம் வரை சேர்க்க எழுத்தில் அனுமதி வேண்டும். இளங்குஞ்சுத் தீவனத்தில் இப்போதைக்கு வேண்டாம், அதை நாங்களே விலக்கிவிட்டோம்.

எங்கள் கலவையை அரசு ஆய்வுப் பண்ணை ஒன்றில், எங்கள் நாட்டுக்கோழிகளை வைத்தே, சோயாக் கலவையோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அதைத் தமிழில் வெளியிட வேண்டும். மாதிரிகளை வாரத்தில் ஒரு நாள் எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்திலேயே வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும். முதல் வருடத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் நல்லது.

இவற்றில் எதையாவது மறுப்பதாக இருந்தால், எந்தப் பயறு, எந்தப் பொருள், எந்த அளவு என்று காரணத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "வழக்கத்தில் இல்லை" என்ற பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம்.

முடிவைத் தை பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள். களம் கூடியபிறகு வந்தால் இந்த வருடத்துக் கழிவெல்லாம் மாட்டுத் தீவனக்காரர் லாரியில் ஏறியிருக்கும். அடுத்த அறுவடை வரை எங்களுக்கு வறுக்க எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
குழுவின் செயலாளர்,
உறுப்பினர்கள் சார்பாக,
குப்பனூர் வட்டாரம், சேலம் மாவட்டம்